பாட்டெழுதிய ஆலிம்கள்

ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டதும் எங்கள் கடற்கரை ஊர்களின் வீடுகளிலும் தைக்காக்களிலும் நபிகள் நாயகத்தின் புகழ் பாடும் மவ்லிது ஓதத் தொடங்குகிறார்கள். அதே நாட்களில் கைப்பேசிக் குழுக்களில், இஸ்லாத்தில் பாட்டுக்கும் இசைக்கும் இடமுண்டா என்ற விவாதமும் எழுகிறது. ஆண்டுதோறும் அதைக் கவனமாகப் படித்து வருகிறேன். கேட்கப்படும் கேள்வி நியாயமானது. மார்க்கத்தில் அக்கறையுள்ள எவரும் கேட்க வேண்டியது. ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது. கற்றறிந்த மார்க்க அறிஞர்களாகிய ஆலிம்கள் சட்டத்தின் பக்கம் நின்று பாட்டை விலக்கினார்கள் என்றும், விவரம் அறியாத மக்கள் தர்காக்களிலும் கல்யாண வீடுகளிலும் பாடி அதை வளர்த்துவிட்டார்கள் என்றும் இரு தரப்பினருமே பெரும்பாலும் நம்பிக்கொண்டு பேசுகிறார்கள். இராமநாதபுரம் கடற்கரையைப் பொறுத்தவரை அந்த அனுமானம் உண்மைக்குப் புறம்பானது. இங்கே சட்டம் கற்பித்தவர்களும் பாட்டு இயற்றியவர்களும் ஒரே மனிதர்களாக இருந்தார்கள்.

கீழக்கரையில் அடங்கியிருக்கும் சதக்கத்துல்லாஹ் அப்பா (1632–1703) அவர்களை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் தங்கி மார்க்கக் கல்வி போதித்த அவர்கள், வள்ளல் சீதக்காதியின் காலத்தில் இந்தக் கரையின் தலைசிறந்த மார்க்க அறிஞராக மதிக்கப்பட்டவர்கள். உமறுப்புலவர் 5,027 விருத்தங்களில் நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடியபோது அதற்கான செய்திகளைப் பெற அப்பா அவர்களையே நாடினார் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அப்பா அவர்களின் அரபிப் படைப்புகளில் மிகவும் பெயர்பெற்றது வித்ரிய்யாவின் தக்மீஸ். பக்தாதுக் கவிஞர் ஒருவர் நபிகள் நாயகத்தைப் புகழ்ந்து, அரபி எழுத்துக்கு ஒன்றாக 29 கஸீதாக்களையும் (புகழ்ப்பாடல்களையும்), ஒவ்வொரு கஸீதாவிலும் 21 அடிகளையும் அமைத்து இயற்றியதே வித்ரிய்யா. அந்த ஒவ்வோர் அடியும் இரண்டு பாதியாகப் பிரியும். அதற்கு முன்னால் அதே சந்தத்திலும் அதே இயைபிலும் மூன்று பாதிகளைத் தாமே இயற்றிச் சேர்த்து, ஐந்து வரிகொண்ட ஒரு கண்ணியாக்குவது தக்மீஸ். பிறருடைய கவிதைக்குள் நுழைந்து, அதன் பொருள் சிதையாமல், மூச்சும் மாறாமல் முன்வரிகளை எழுதுவதற்குப் புலமை மட்டும் போதாது. எந்த அசையில் குரல் எழும், எங்கே அமரும் என்று கேட்டறிந்த காதும் வேண்டும். நூற்றுக்கணக்கான அடிகளுக்கு அதைச் செய்து முடித்தவர் ஃபத்வா என்னும் மார்க்கத் தீர்ப்பு கேட்டு வந்தவர்களுக்குச் சட்டம் சொன்ன அதே பெரியவர் என்பதை விவாதம் செய்கிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகைக்குப் பின் வித்ரிய்யா ஓதும் வழக்கம் இந்தக் கடற்கரையிலும் இலங்கையிலும் உண்டு. அதைக் கேட்டிராதவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். இரண்டு வரிசையாக எதிரெதிரே அமர்கிறார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க, ஒரு வரிசை கண்ணியை ஓத, மறு வரிசை நபியவர்கள்மீது சொல்லும் வாழ்த்தாகிய ஸலவாத்தைக் கொண்டு மறுமொழி சொல்கிறது. தோற்கருவியோ நரம்புக்கருவியோ துளைக்கருவியோ எதுவும் கிடையாது; தாளம்கூடக் கையால் தட்டப்படுவதில்லை. குரல்களின் எண்ணிக்கையும் மூச்சின் நீளமுமே தாளமாக அமைகின்றன. ஒரு மெட்டில் ஓதிக்கொண்டே வந்து, எடுத்துக்கொடுப்பவர் குரலைச் சற்று உயர்த்தினால் அடுத்த கண்ணியிலிருந்து வேறு மெட்டு தொடங்கப் போகிறது என்பது சபைக்குப் புரிந்துவிடுகிறது. பொருள் முழுவதும் விளங்காத சிறுவர்கள்கூட அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். இதை இசை என்று சொன்னால் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களில் சிலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் அந்த மெட்டுகளை ஒரு இம்மியும் பிசகாமல் காப்பதில் அவர்களைவிடக் கண்டிப்பானவர்களை நான் கண்டதில்லை.

அப்பா அவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே ஊரில் இன்னும் தெளிவான சான்று கிடைக்கிறது. இமாமுல் அரூஸ் என்றும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றும் அழைக்கப்படும் செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) அவர்கள், அரபி எழுத்தில் எழுதப்படும் தமிழாகிய அர்வியில் ஷாஃபி மத்ஹபு என்னும் சட்ட மரபின் சட்டங்களைத் தொகுத்து 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் நூலை எழுதினார்கள். தொழுகை, நோன்பு, ஸக்காத்து என ஒரு சாதாரணக் குடும்பத்துக்குத் தேவையான சட்டங்களை, பெண்களும் படித்துக்கொள்ளும் வண்ணம் எழுதிய நூல் அது. அதே கை இறைதுதிகளின் தொகுப்பான ராத்திபு ஜலாலிய்யாவையும், இலங்கையோடு அவர்களுக்கிருந்த நீண்ட தொடர்பின் அடையாளமாக 'மின்ஹத்து சரந்தீப்' என்னும் மவ்லிதையும் எழுதியது. அவர்களுடைய மாமனாரும் ஆசிரியருமான கீழக்கரை தைக்கா சாஹிபு அவர்களிடம் பாடம் கேட்டவராகச் சொல்லப்படும் இன்னொருவர் ஸூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாஹிபு. சட்டத் தொகுப்பும், மவ்லிதும், சித்தர் மரபில் தோய்ந்த தமிழ்ப் பாடலும் ஏறக்குறைய ஒரே திண்ணையிலிருந்து கிளம்பியிருக்கின்றன. இவற்றுள் ஒன்றை மார்க்கம் என்றும் மற்றொன்றை அறியாமை என்றும் பிரித்து வைப்பதற்கு அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்தவர்கள் இடம் தரவில்லை.

இதனால் தடைகளே இல்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். தடையைப் பேசும் ஹதீஸ்கள் (நபிமொழிகள்) உள்ளன. அவற்றை மறைத்துவிட்டுப் பாட்டுக்கு வாதாடுவது நேர்மையாகாது. பட்டையும் மதுவையும் இசைக்கருவிகளையும் ஆகுமானவையாக, அதாவது அனுமதிக்கப்பட்டவையாக, ஆக்கிக்கொள்ளும் கூட்டத்தார் தம் சமுதாயத்தில் தோன்றுவார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்ததாக ஸஹீஹுல் புகாரி என்னும் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் முறிவு இருக்கிறது என்று ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் (994–1064) வாதிட்டார்; பெரும்பாலான ஹதீஸ் அறிஞர்கள் அவருடைய வாதத்தை ஏற்கவில்லை. திருக்குர்ஆனின் லுக்மான் அத்தியாயத்தில் 6ஆம் வசனம் வீண் பேச்சை விலைக்கு வாங்குவோரைக் கண்டிக்கிறது. அது பாட்டையே குறிக்கிறது என்று இப்னு மஸ்ஊத் (ரலி) சத்தியமிட்டுச் சொன்னதாகத் தஃப்ஸீர் என்னும் குர்ஆன் விரிவுரைகளில் பதிவாகியிருக்கிறது. ஆட்டிடையன் ஒருவனின் குழலோசை கேட்டபோது இப்னு உமர் (ரலி) தம் காதுகளில் விரலை வைத்துக்கொண்டு வழியை மாற்றிச் சென்ற செய்தியும் உண்டு. இவற்றைக் கேட்டுத் தம் வீட்டில் எந்த இசையும் வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்களிடம் எனக்கு உண்மையான மரியாதை இருக்கிறது.

ஆனால் அதே புகாரியில்தான், பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் புஆஸ் போரைப் பற்றிய பாடல்களைப் பாடிக்கொண்டிருந்த செய்தியும் வருகிறது. அபூபக்ர் (ரலி) உள்ளே வந்து, அல்லாஹ்வின் தூதரின் வீட்டிலேயே ஷைத்தானின் குழலா என்று கண்டித்தபோது, ஒவ்வொரு சமூகத்தாருக்கும் பெருநாள் உண்டு, இது நம் பெருநாள் என்று சொல்லி அவர்களை விட்டுவிடுமாறு நபியவர்கள் பணித்தார்கள். இதைவிட என் மனம் அதிகமாகத் தங்கி நிற்கும் இடம் ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் திருமணம். நபியவர்கள் மறுநாள் காலையில் மணவீட்டுக்கு வந்து அமர்ந்திருக்கிறார்கள். சிறுமிகள் தஃப் என்னும் பறையை அடித்துக்கொண்டு, பத்ருப் போரில் வீரமரணம் அடைந்த தங்கள் தந்தையரைப் பற்றிப் பாடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறாள். அப்போது நபியவர்கள், இதை விட்டுவிட்டு முன்னர் பாடிக்கொண்டிருந்ததையே பாடு என்கிறார்கள். தஃப் நிறுத்தப்படவில்லை, பாட்டும் நிறுத்தப்படவில்லை. அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய மறைவான அறிவைத் தம்மீது ஏற்றிச் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் திருத்தப்பட்டது.

மவ்லிது விவாதத்தில் இரு தரப்பினரும் இந்த ஹதீஸை நிதானமாக வாசித்தால் நன்றாக இருக்கும். கடந்த நாற்பது ஆண்டுகளில் தமிழகமெங்கும் எழுந்த சீர்திருத்தக் குரல்கள், மவ்லிதின் சில வரிகள் வரம்பு மீறிய புகழ்ச்சியாகவும், அல்லாஹ் அல்லாதவரிடம் உதவி தேடுவதாகவும் இருக்கின்றன என்று குற்றம் சாட்டுகின்றன. அந்தக் குற்றச்சாட்டுக்கு வரிக்கு வரி பதில் சொல்ல வேண்டிய கடமை ஓதுகிறவர்களுக்கு உண்டு. முன்னோர் ஓதினார்கள் என்பது போதுமான பதிலாகாது. பிழையான வரி ஒன்று இருக்குமானால், அந்த மணவீட்டில் நடந்ததைப் போல வரியைத் திருத்திவிட்டுப் பாட்டைத் தொடரலாம். வரியில் கண்ட குறைக்காகச் சபையையே கலைத்துவிடுவது அந்த ஹதீஸ் காட்டும் வழியாகத் தெரியவில்லை.

எங்கள் கரையின் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள் என்பதால், அந்த மத்ஹபு என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இமாம் நவவீ (1233–1277) அவர்களின் 'மின்ஹாஜ்' என்னும் சட்டநூல் கருவியில்லாத பாட்டை மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்கிறது. மது அருந்துவோரின் அடையாளமாக இருந்த ஊது, தம்பூர் என்னும் நரம்புக்கருவிகள் போன்றவற்றை ஹராம் (தடுக்கப்பட்டது) என்கிறது. திருமணத்திலும் சுன்னத்து வைபவத்திலும் தஃப் அடிப்பதை ஆகுமாக்குகிறது. ஆட்டிடையனின் குழலை இமாம் ராஃபிஈ ஆகுமென்று கருதியிருக்க, அவர்களுடைய நூலைச் சுருக்கி எழுதிய இமாம் நவவீ அது ஆகாதென்றே முடிவு செய்தார்கள். ஒரே மத்ஹபின் இரண்டு பெருந்தூண்கள் ஒரு மூங்கில் குழலைப் பற்றி மாறுபட்டார்கள். அந்த மாறுபாட்டை அடுத்தடுத்த நூல்கள் மறைக்காமல் பதிவு செய்தன. அந்தப் பரப்பைக் கற்ற ஒருவர் 'இசை' என்ற ஒரே சொல்லின்மீது ஒரே தீர்ப்பை எழுதுவதற்குத் தயங்குவார்.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) அவர்களும் ஷாஃபி மத்ஹபைச் சார்ந்தவர்களே. அவர்களுடைய 'இஹ்யா உலூமித்தீன்' நாற்பது நூல்களாக அமைந்தது. அவற்றுள் ஒன்று முழுவதும் செவியேற்றலையும் அதனால் உள்ளத்தில் எழும் பரவச நிலையையும் பற்றியது. இனிய ஓசை என்பதாலேயே ஒன்று ஹராமாகிவிடாது, அப்படியானால் குயிலின் குரலும் ஹராமாகியிருக்கும் என்று அவர்கள் வாதிடுகிறார்கள். சில கருவிகள் தடுக்கப்பட்டதற்குக் காரணம் அவை மதுச்சபையோடு பிணைந்திருந்ததுதான் என்கிறார்கள். பாட்டு உள்ளத்தில் இல்லாத எதையும் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதைக் கிளறிவிடுகிறது என்பது அவர்களுடைய மையக் கருத்து. ஆகையால் அதே பாட்டு ஒருவருக்கு ஆகுமாகவும் மற்றொருவருக்கு ஆகாததாகவும் இருக்கக்கூடும்: ஹஜ்ஜின்மீது ஆசையைத் தூண்டும் பாட்டு, தன் பாவத்தை எண்ணி அழச்செய்யும் பாட்டு, பெருநாள் மகிழ்ச்சிப் பாட்டு ஆகியவற்றை அவர்கள் ஏற்கிறார்கள், தகாத இச்சையைத் தூண்டும் பாட்டை, கருவியே இல்லாவிட்டாலும் விலக்குகிறார்கள். இந்த அளவுகோல் எளிதானதன்று. ஆம் அல்லது இல்லை என்று சொல்லி நகர்ந்துவிட முடியாமல், கேட்கிறவரைத் தன் உள்ளத்தையே சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. நான் கைக்கொள்வது இந்த அளவுகோலைத்தான்.

குர்ஆன் ஓதுதலிலும் இதே நுட்பத்தைப் பார்க்கலாம். குரல்களால் குர்ஆனை அழகுபடுத்துங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) ஓதுவதைக் கேட்டு, தாவூத் நபியின் குடும்பத்தாரின் குழல்களில் ஒன்று உமக்கு வழங்கப்பட்டிருக்கிறது என்று பாராட்டினார்கள். ஆனால் இராகத்துக்காக எழுத்தை அதன் அளவுக்கு மேல் நீட்டுவதையோ, இல்லாத உயிரோசையைச் சேர்ப்பதையோ சட்ட அறிஞர்கள் தடுத்தார்கள். எந்த நீட்டல் எத்தனை அளவு என்பதைத் தஜ்வீத் கலை வரையறுத்திருக்கிறது. அதற்குள் நின்றே பயாத்தீ, ஹிஜாஸ், ரஸ்த் முதலிய அரபிப் பண்களில் ஓத வேண்டும். வளைகுடாவுக்குப் போன எங்கள் ஊர்க்காரர்கள் கொண்டுவந்த ஒலிநாடாக்களில் எகிப்தின் அப்துல் பாஸித் (1927–1988) அவர்களின் ஓதல் இருந்தது. ஒரே மூச்சில் அவர் ஓதிக்கொண்டே போகும் நீளத்தைக் கேட்டு, அறையில் இருப்பவர்கள் தங்கள் மூச்சையும் அடக்கிக்கொள்வார்கள். அந்த மூச்சுக்குள் ஒரு மத்துகூட (நீட்டல்கூட) அளவு மீறாது. கட்டுப்பாட்டுக்கு உள்ளே அழகு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச்சிறந்த எடுத்துக்காட்டு அதுவே.

இதுவரை ஆண்களின் சபைகளையே பேசினேன். இந்தக் கரையில் பாட்டின் வழியாக ஈமானைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பள்ளிக்கூடம் போகாத என் உம்மம்மாவுக்கு அர்வி எழுத்து தெரியும். நபிமார் வரலாறும், பெண்களுக்கான மார்க்கச் சட்டங்களும், மறுமை நாளின் நிலைகளும் மாலைப் பாடல்களாகவும் இறைவனிடம் இறைஞ்சும் முனாஜாத்துகளாகவும் அவர்களுக்கு மனப்பாடமாக இருந்தன. சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் சகோதரர் சாமு சிகாபுத்தீன் வலி அவர்கள் அப்படிப்பட்ட மாலைகள் பலவற்றை எழுதினார்கள். ஹதீஸின் கருத்தைத் தமிழ் யாப்பில் அமைத்து, மெட்டில் ஏற்றி வீட்டுக்குள் அனுப்பிய அந்த ஆலிம்கள், எழுத்தறிவு குறைந்த காலத்தில் ஒரு முழுப் பாடத்திட்டத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். உம்மம்மா நோயுற்றிருந்த கடைசி நாட்களில் பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஆனால் மாலையின் ஒரு கண்ணியை நான் தொடங்கினால் அடுத்த கண்ணியைப் பிழையின்றிச் சொன்னார்கள். மெட்டோடு உள்ளே இறங்கியது அத்தனை ஆழத்தில் தங்கியிருந்தது.

கடலோரத் தொழிலாளரின் அம்பாப் பாட்டையும் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். வேதாளையிலும் பாம்பனிலும் கரைவலையை இழுத்தவர்கள், ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் ஒரே மூச்சில் திரும்பச் சொல்லி வலையின் பாரத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என யார் கயிற்றில் கை வைத்திருந்தாலும் அவரவர் இறைவனின் பெயரோ பெரியவர்களின் பெயரோ அந்த அடிகளில் வந்தது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் மதீனாவைக் காக்க அகழ் தோண்டியபோது நபியவர்கள் தாமே மண் சுமந்துகொண்டு, அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் கவியடிகளைச் சொல்லி, அடியின் இறுதியில் குரலை உயர்த்தினார்கள் என்று ஹதீஸில் வருகிறது. ஒட்டகங்களைப் பாடி நடத்திய அன்ஜஷாவிடம், கண்ணாடிப் பாத்திரங்களை மெதுவாகக் கொண்டுபோ என்று, ஒட்டகத்தின்மேல் அமர்ந்திருந்த பெண்களைக் குறித்து அன்போடு சொன்னார்கள். உழைப்பின் பாட்டை மார்க்கம் ஒருபோதும் அயலாகக் கருதவில்லை. விசைப்படகுகள் பெருகிய பின் அம்பா அருகிவிட்டது எனக்கு வருத்தமே.

கருவிகளின் கதை வேறு. பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் ஒலிபெருக்கி வருவதற்கு முன், மோதினார் பாங்கு சொல்வதற்கு முன்னால் நகரா என்னும் முரசை அடித்து ஊருக்கு நேரத்தை அறிவித்தார்கள். ரமலானில் பக்கீர் பாவாக்கள் தாயிரா என்னும் பறையைத் தட்டிப் பாடிக்கொண்டே தெருத்தெருவாக நடந்து சஹருக்கு எழுப்பினார்கள். ஏர்வாடியில் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது வலியுல்லாஹ் அவர்களின் தர்காவில் சந்தனக்கூடு வரும்போது மேளதாளம் முழங்க, எல்லாச் சமயத்தாரும் கூடுகிறார்கள். சந்தனக்கூட்டின் ஆரவாரத்தில் என் மனம் ஒன்றுவதில்லை; அடக்கத்தலத்தின் அமைதிக்கு அந்த முழக்கம் பொருந்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தாயிராவோடு ஒரு முதிய பாவா தனியாகப் பாடும்போது நின்று கேட்காமல் என்னால் கடந்துபோக முடிந்ததில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கருவியைப் பொறுத்ததாக எனக்குத் தெரியவில்லை. கஸ்ஸாலி இமாம் சொன்னபடி, எது கிளறப்படுகிறது என்பதைப் பொறுத்ததாகவே தெரிகிறது.

குணங்குடி மஸ்தான் சாஹிபைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே சிறிது சொல்கிறேன். தொண்டிக்கு அருகில் குணங்குடியில் 1792இல் பிறந்து, சுல்தான் அப்துல் காதிர் என்று பெயரிடப்பெற்று, இளம் வயதிலேயே இல்லறத்தை மறுத்துத் துறவு பூண்டு, இறுதியில் சென்னையில் 1838இல் மறைந்தவர்கள். தொண்டியார் தங்கியிருந்த இடம் என்பதால் தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்லும் வழக்கு உண்டு. அவர்களுடைய கண்ணிகளில் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள்மீது கொண்ட பக்தியும், தாயுமானவரையும் சித்தர்களையும் நினைவூட்டும் தமிழும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் என்னும் தமிழறிஞர் அவர்களைக் குருவாகக் கொண்டு, அவர்கள்மீது நான்மணிமாலை பாடினார். மனோன்மணியை நோக்கிப் பாடும் பாடல்களை வைத்து அவர்களைச் சந்தேகிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இறைவன்மீது கொண்ட தாகத்தைக் காதலியை நோக்கிய மொழியில் சொல்வது அரபியிலும் பாரசீகத்திலும் நூற்றாண்டுகளாக வழங்கிவரும் ஸூஃபி முறை. அதைத் தமிழில் செய்ததற்காக மட்டும் ஒருவரை ஐயுறுவது நியாயமன்று.

இந்தக் கடற்கரை மாவட்டத்தின் தலைநகரான இராமநாதபுரத்தில் 1925இல் பிறந்த ஒருவரின் குரல் பின்னாளில் தமிழகம் முழுவதும் ஒலித்தது. நாகூர் இ.எம். ஹனிபா 2015இல் மறையும்வரை பாடிய இஸ்லாமியப் பாடல்களில் இசைக்கருவிகள் இருந்தன. அவற்றைக் கேட்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு மின்ஹாஜின் வரிகளை எடுத்துக்காட்டி ஆகாது என்று ஓர் ஆலிம் சொன்னால், அந்தப் பதிலுக்கு நூலாதாரம் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். அதே பாடலைக் கேட்டு அல்லாஹ்விடம் கையேந்தியவர்கள் எத்தனையோ பேர் என்பதையும் மறுக்க முடியாது. என்னளவில், வணக்கமாக ஓதப்படுவதில் குரலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று கருதுகிறேன். வணக்கத்துக்கு வெளியே, உள்ளத்தைக் கெடுக்காத பாட்டைக் கேட்பவரைப் பாவி என்று அழைக்க மாட்டேன். இராமேசுவரத்தில் பிறந்து, தொழுகையை விடாமல், ஓய்வில் வீணை வாசித்த அப்துல் கலாம் அவர்களை எங்கள் கரையில் எவரும் அயலாராக நினைத்ததில்லை.

இப்போது திருமண ஊர்வலங்களில் மாப்பிள்ளையை அழைத்துவரும்போது பைத்து என்னும் பாடல்களை ஓதுவது குறைந்து, தெருவே அதிரும் ஒலிப்பெட்டிகள் வந்துவிட்டன. நோயாளி உறங்கும் வீட்டையும் பாங்கையும் பொருட்படுத்தாமல் அவை முழங்குவதைத் தடுக்க எந்த மத்ஹபின் நூலையும் தேட வேண்டியதில்லை. ஆனால் மவ்லிதை நிறுத்துவதற்காகத் திரண்ட அளவு கண்டனம் இதற்குத் திரளவில்லை என்பது என் மனக்குறை. பைத்து ஓதியவர்கள் ஒதுங்கிய இடத்தில் அமைதி வந்து அமர்ந்திருந்தால் அதைச் சீர்திருத்தம் என்று ஏற்றிருப்பேன்.

நூல்கள் அச்சில் இருக்கின்றன. வித்ரிய்யாவின் தக்மீஸ் இருக்கிறது, ராத்திபு இருக்கிறது, மாலைகள் சில இருக்கின்றன. மெட்டுகள் எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அவை ஓதுகிறவர்களின் தொண்டையில் மட்டுமே இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஆகவே ஊரில் சிலர் சேர்ந்து, பெரியவர்களிடம் அமர்ந்து மெட்டுகளைக் கேட்டுப் பதிவுசெய்யத் தொடங்கியிருக்கிறோம். உளூ என்னும் அங்கசுத்தியோடு, ஒரு சபையில், ஸலவாத்தோடு ஓத வேண்டியதை, எவரோ எங்கோ சாப்பிட்டுக்கொண்டே கேட்கும்படி ஆக்கிவிடாதீர்கள் என்று ஒரு பெரியவர் முதலில் மறுத்தார். அவர் சொன்னது சரி. எனவே பதிவுகளைப் பொதுவெளியில் வைப்பதில்லை, கற்க வருகிறவர்களுக்குப் பாடமாக மட்டும் தருவது என்று ஒப்புக்கொண்டபின் அவரே ஓதித் தந்தார். அலிஃப் எழுத்தின் கஸீதாவிலிருந்து தொடங்கியிருக்கிறோம். அதற்கு இரண்டு மெட்டுகள் கிடைத்துவிட்டன. பெரியபட்டினம் பக்கம் வேறொரு மெட்டு வழங்கியதாகக் கேள்விப்படுகிறோம். அதை ஓதத் தெரிந்தவர்களோ, பெண்கள் ஓதிய மாலைகளின் மெட்டு நினைவிலிருக்கும் பாட்டிமார்களோ உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் எழுதுங்கள். நாங்கள் வந்து அமர்ந்து கேட்டுக்கொள்கிறோம். பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள எங்கள் குடும்பத்துப் பெண்கள் வருவார்கள்.